பிப்பா, பொயற்றியா, யுவியா? ஒரு குளத்துச் செயலிக்குத் தேடிய கருவி

இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தை வரைபடமாக்கும் சின்னப் பைதன் செயலி ஒன்றைக் கிளிநொச்சியில் நாங்கள் நாலைந்து பேர் திறந்த மூலமாக எழுதி வருகிறோம். நாங்கள் கேட்பது, தரவைக் கையாளும் பாண்டாஸ், வரைபடம் போடும் மட்பிளொட்லிப் என்று இரண்டே பொதிகள் (பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்புகள்). அவை, எண் கணக்கீட்டுக்கான நம்பை தொடங்கி ஒரு பட்டாளத்தையே கூட்டி வரும். சிக்கல் அந்தப் பட்டாளத்தில்தான். இந்தப் பொதிகளை நிறுவி நிர்வகிக்கும் கருவிகள்தான் பிப், பொயற்றி, யுவி மூன்றும்.

முதலில் பிப்தான் வைத்திருந்தோம். பெரும்பாலும் பைதனோடு சேர்ந்தே வருவதால் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தேவையான பொதிகளைப் பட்டியலிடும் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் பாண்டாஸின் பதிப்பைக் குறித்தோம்; நம்பை தானாக வரும்தானே என்று விட்டுவிட்டோம். 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தது. சிறுபோக வேலைக்குப் போயிருந்த தம்பி ஒருவர் திரும்பி வந்து வேறொரு லப்டொப்பில் நிறுவினார். பழைய பாண்டாஸ், புதிய நம்பை. பாண்டாஸை இம்போர்ட் செய்யும் வரியிலேயே செயலி விழுந்தது. என் கணினியில் பழைய நம்பையே இருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் அவரைத்தான் குறை சொன்னேன்.

சரி, நிறுவியுள்ள பொதிகளைப் பதிப்போடு பட்டியலிடும் பிப் ஃப்ரீஸ் போட்டு எல்லாவற்றையும் பூட்டலாமே? பூட்டலாம். ஆனால் நாங்கள் கேட்டது எது, கூட வந்தது எது என்று அந்தப் பட்டியலில் தெரியாது. ஜூபிட்டர் உள்ள விண்டோஸ் கணினியில் எடுத்தால் விண்டோஸுக்கு மட்டுமான பைவின்32 போன்ற பொதிகள் உள்ளே வந்துவிடலாம், லினக்ஸ்காரருக்கு அவை நிறுவாது.

நாங்கள் கேட்டதை ஒரு கோப்பிலும், எல்லாப் பொதிகளின் துல்லியமான பதிப்புகளை லொக் கோப்பிலும் வைக்கும் பொயற்றி இந்த இரண்டையும் தீர்க்கிறது. 2018 முதல் இருக்கும் கருவி, பக்குவமானது. பொதியைச் சேர்க்கும்போது அடுத்த பெரிய பதிப்புக்கு அது தானாகவே தடை போடும். செயலிக்கு அது நல்லது. பிறர் செயலிகளில் சேர்க்கும் நூலகப் பொதி வெளியிடுபவர்களுக்கோ தலையிடி, அந்தத் தடை பாவிப்பவர்கள் தலையிலும் விழும்.

யுவி 2024 பெப்ரவரியில் வந்தது, ரஸ்ட் மொழியில் எழுதியது. எல்லோரும் அதன் வேகத்தைப் பேசுகிறார்கள். கைத்தொலைபேசி ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்யும் எங்களுக்கு அதைவிடப் பெரிய லாபம் வேறு. ஒருமுறை இறக்கிய பொதியைக் கணினியில் ஓரிடத்தில் வைத்து எல்லாச் சூழல்களுக்கும் (செயலிக்குச் செயலி தனியாக வைக்கும் பொதித் தொகுதிகள்) இணைப்பாகவே கொடுக்கிறது. டேட்டாவும் மிச்சம், வட்டில் இடமும் மிச்சம். பிப்பும் இறக்கியதைச் சேமிக்கும்தான், ஆனால் ஒவ்வொரு சூழலுக்கும் தனியாக நகலெடுக்கும். பைதன் இல்லாத கணினிக்கு யுவியே பைதனையும் கொண்டு வரும்.

ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறதே என்ற பயம் எனக்கும் உண்டு. உரிமம் திறந்தது, யுவிக்கும் உள்ள லொக் கோப்பை ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பாக ஏற்றுமதி செய்யவும் முடியும். அதனால் யுவிக்கு மாறினோம். பிப் மட்டும் தெரிந்தவர்களுக்காக ஏற்றுமதிக் கோப்பையும் களஞ்சியத்தில் வைத்திருக்கிறோம்.

இணையமே இல்லாத கணினிக்கு மட்டும் இன்றும் பிப் டவுன்லோட்தான். பொதிகளை ஒரு கோப்புறையில் இறக்கி, பென் டிரைவில் போட்டுக் கொடுக்கிறோம். இறக்கும் கணினியின் இயங்குதளமும் பைதன் பதிப்பும் போய்ச் சேரும் கணினியினதோடு ஒத்திருக்க வேண்டும், அல்லது இறக்கும்போதே அந்தக் கணினியின் இயங்குதளத்தையும் பதிப்பையும் குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் பென் டிரைவ் சும்மா போய்வரும்.