ஃபார்ச்சூனரை லெஜெண்டராக மாற்றப் போகிறீர்களா? பழைய பாகங்கள் பத்திரம்!

2021 ஜனவரியில் டொயோட்டா புதுப்பித்த ஃபார்ச்சூனரோடு, அதிலேயே முகம் வேறான லெஜெண்டரையும் இறக்கியதிலிருந்து, 2016-20 மாடல் வைத்திருப்பவர்களைக் குறிவைத்து, பழைய வண்டியை லெஜெண்டர் மாதிரி மாற்றும் கன்வர்ஷன் கிட் வியாபாரம் சூடுபிடித்துவிட்டது. ஒல்லியான ஹெட்லைட், கறுப்பு கிரில், கூர் கூராக வெட்டிய பம்பர். அழகுதான், அதில் குறையில்லை. சென்னையில் ஒரு கடையில் என் வண்டியையும் விட்டேன்.

பேசியது கம்பெனித் தரத்தில் பிளாஸ்டிக் பம்பர். மாட்டியது ஃபைபர். வெளியே பெயிண்ட் அடித்துவிட்டால் வித்தியாசம் தெரியாது. உட்பக்கம் கைவிட்டுத் தடவினால் கண்ணாடி இழை சுருக்கென்று குத்தும். பிளாஸ்டிக் லேசான இடிக்கு வளைந்து நிமிரும், ஃபைபர் விரிசல் விடும். ஃபெண்டரோடு, அதாவது முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டோடு, பம்பர் சேரும் இடத்தில் ஒரு பக்கம் விரல் நுழைகிறது. மறுபக்கம் ஸ்க்ரூ போட்டு இழுத்துப் பிடித்திருக்கிறார்கள்.

அடுத்து பெயிண்ட். என் வண்டியின் கலர் கோடு 070, முத்து வெள்ளை. அடியில் வெள்ளை, அதன் மேல் முத்துப் பூச்சு, கடைசியில் கிளியர் என்று மூன்று கட்டமாக அடிக்க வேண்டியது. இவர்கள் நடுக்கட்டத்தை விழுங்கிவிட்டார்கள். நிழலில் கண்ணுக்குப் படாது. வெயிலில் நிறுத்தினால் பானட் மினுங்குகிறது, பம்பர் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நிற்கிறது. கேட்டால், “பிளாஸ்டிக்ல கலர் அப்படித்தான் சார் தெரியும்” என்கிறார் கடைக்காரர். அதில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் எல்லாரும் நம்பிவிடுகிறார்கள். ஹெட்லைட்டுக்கு வயரை இணைக்கும் கப்ளர்கூட இல்லை. வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். முதல் மழைக்கே உள்ளே நீர் கோத்துவிட்டது.

இதெல்லாம்கூட சரி. பெரிய கொள்ளை, கழற்றிய பாகங்களில். கம்பெனி எல்இடி ஹெட்லைட் ஜோடி, பம்பர், கிரில் எல்லாவற்றுக்கும் பழைய மார்க்கெட்டில் நல்ல விலை உண்டு. திருப்பிக் கேட்டபோது, “ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்” என்று கையை விரித்துவிட்டார். அதாவது, கிட் வேண்டாம், பழையபடியே மாட்டிக்கொள்ளலாம் என்றாலும் வழியில்லை. ஜிஎஸ்டி பில்லும் தரவில்லை, எஸ்டிமேட் என்று ஒரு துண்டுச்சீட்டுதான். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். ஆதாரம் என்று கையில் இருப்பது வாட்ஸ்அப் பேச்சும் யுபிஐ ரசீதும்.

வண்டியைக் கொடுக்கப் போகிறவர்கள், வண்டியில் கம்பெனி பதித்திருக்கும் மேக்கர் தகட்டில் சி/டிஆர் (C/TR) வரியில் இருக்கும் கலர் கோடைச் சொல்லி, முத்துப் பூச்சு உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். பம்பரை பெயிண்ட் அடிக்கும் முன்பே நேரில் போய்த் திருப்பிப் பாருங்கள். அப்புறம், பழைய பாகங்கள் கைக்கு வராமல் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பம்பர் டிக்கியில் ஏறாது. ஒரு குட்டி யானை பிடித்தாவது அன்றைக்கே வீட்டில் இறக்கிவிடுங்கள்.