கேமராவுக்கு ஃபிளாஷ் தெரியவில்லை: துடைப்பதா, ஃபர்ம்வேரா, டிரிகரா, சர்வீஸா?

ஃபிளாஷின் டெஸ்ட் பட்டனைத் தட்டினால் பளீரென்று அடிக்கிறது. ஷட்டரை அழுத்தினால் மட்டும் அடிப்பதே இல்லை. மறுநாள் அதிகாலை முகூர்த்தம். தர்மபுரியிலிருந்து சேலத்துக்கோ, கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்கோ சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஒரு நாள் போய்விடும். அதற்கு முன் வீட்டிலேயே கோளாறைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் சைலன்ட் ஷட்டரை அணையுங்கள். எலக்ட்ரானிக் ஷட்டரில் பெரும்பாலான மிரர்லெஸ் கேமராக்கள் ஃபிளாஷை அடிக்கவே விடாது. கேனான் டிஎஸ்எல்ஆரில் லைவ் வியூவின் சைலன்ட் மோட் ஆனில் இருந்தால், வேறு கம்பெனி ஃபிளாஷ் அடிக்காது. கோளாறே இல்லாத ஃபிளாஷைக் கழற்றிப் பார்க்க வைப்பது பல நேரம் இதுதான்.

அடுத்து ஃபிளாஷை எம் (மேனுவல்) மோடுக்கு மாற்றி ஒரு படம் எடுங்கள். ஹாட் ஷூவின் (கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடம்) நடுவிலுள்ள பெரிய பின் ‘அடி’ என்ற ஒரே உத்தரவைத்தான் கொண்டுபோகும். பக்கத் தகடு எர்த். டிடிஎல் (ஒளி அளவைக் கேமராவே முடிவு செய்வது), ஜூம், ஹைஸ்பீட் சிங்க் (வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷ் அடிப்பது) எல்லாம் சின்னப் பின்கள் வழியே போகும் பேச்சு. எம் மோடில் அடித்தால் நடுப்பின் நலம், சின்னப் பின்களிலோ மென்பொருளிலோதான் சிக்கல். எம் மோடிலும் அடிக்காவிட்டால் நடுப்பின்னையும் எர்த்தையும் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: கேனான் 200டி மார்க் 2, 3000டி ஆகியவற்றில் நடுப்பின்னே கிடையாது. கேனான் மொழி பேசாத மேனுவல் ஃபிளாஷை எத்தனை முறை துடைத்து மாட்டினாலும் அதில் அடிக்காது.

துடைத்தல். செலவு மிகக் குறைவு, பலன் அதிகம். எங்கள் முதல் ஓட்டு இதற்குத்தான். ஒகேனக்கல்லில் அருவிச் சாரலுக்கு நடுவே அவுட்டோர் எடுத்த கேமராவிலும், கிரானைட் தூசி பறக்கும் பக்கம் சுற்றிய கேமராவிலும் பின்கள் மங்கிப்போவது சாதாரணம். கேமரா, ஃபிளாஷ் இரண்டையும் ஆஃப் செய்து, பேட்டரியைக் கழற்றுங்கள். 99% ஐசோபிரோபைல் ஆல்கஹாலில் காதுக் குச்சியை லேசாக நனைத்து ஃபிளாஷின் அடிப் பின்கள், ஷூவின் தகடுகள், பக்கத் தண்டவாளத்தின் உள்புறம் மூன்றையும் துடையுங்கள். கறுப்பு போகாவிட்டால் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்க்கலாம். உப்புத்தாள் கூடவே கூடாது; தங்க முலாம் போனால் அந்தப் பின் அப்புறம் சீக்கிரம் துருவேறும்.

பிறகு ஒவ்வொரு பின்னையும் பல்குத்தும் குச்சியால் அழுத்திப் பாருங்கள். எல்லாம் ஒரே உயரத்துக்குத் துள்ளி எழ வேண்டும். ஒன்று மட்டும் அமுங்கியே நின்றால் ஸ்பிரிங் போயிருக்கிறது. மாட்டும்போது முன்னால் முட்டும் வரை தள்ளிப் பூட்டுங்கள். கொஞ்சம் பின்னால் நின்றாலும் சின்னப் பின்கள் தகட்டில் சரியாக உட்காராமல் போகலாம்.

உள்ளேயே ஃபிளாஷ் உள்ள கேமராவில் இன்னொரு சோதனையும் உண்டு. ஷூ காலியாக இருக்கும்போதும் உள் ஃபிளாஷ் எழ மறுத்தால், தண்டவாளத்துக்குள் இருக்கும் சின்ன ஸ்விட்ச் அமுங்கி மாட்டிக்கொண்டிருக்கலாம். மேலே ஏதோ மாட்டியிருப்பதாகவே கேமரா நினைத்துக்கொண்டிருக்கும்.

ஃபர்ம்வேர். இது ஃபிளாஷுக்குள் ஓடும் மென்பொருள். நேற்றுவரை வேலை செய்த ஜோடி திடீரென்று நின்றால் பெரும்பாலும் இது காரணமில்லை. புது கேமரா பாடி வாங்கியதும் கோடாக்ஸ் மாதிரி வேறு கம்பெனியின் பழைய ஃபிளாஷ் தெரியாமல் போனால் மட்டும் இதில் இறங்குங்கள். பெட்டியிலுள்ள எழுத்தையும் பாருங்கள்: டிடி685 சி கேனானுக்கு, என் நிக்கானுக்கு, எஸ் சோனிக்கு. எழுத்து மாறியிருந்தால் எந்த அப்டேட்டும் டிடிஎல்லைக் கொண்டுவராது. அப்டேட் ஓடும்போது மின்சாரம் போனால் ஃபிளாஷ் முடங்கலாம், லேப்டாப் பேட்டரி நிறைந்திருக்கட்டும்.

டிரிகரா, ஸ்லேவ் மோடா? டிரிகர் என்பது கழற்றி வைத்த ஃபிளாஷை ரேடியோவால் அடிக்க வைக்கும் கருவி; ஸ்லேவ் என்றால் வேறொரு ஃபிளாஷின் ஒளியைக் கண்டு இதுவும் அடிப்பது. சின்னப் பின்கள் மட்டும் போயிருந்தால் இரண்டும் நாளைய கல்யாணத்தைக் காப்பாற்றும். உள் ஃபிளாஷ் உள்ளவர்களுக்கு ஸ்லேவ் இலவசம்: படத்துக்கு முன் கேமரா அடிக்கும் சோதனை ஒளியை ஒதுக்கிவிட, ஃபிளாஷில் எஸ்2 என்ற ஸ்லேவ் மோடை வையுங்கள். ஆனால் மண்டபத்தில் உறவினர் ஒருவர் தன் ஃபிளாஷை அடித்தால் உங்களதும் சேர்ந்து அடிக்கும். நீங்கள் அழுத்தும் நேரத்தில் ரீசார்ஜ் ஆகாமல் நிற்கும். வெளியில் வெயிலில் அதன் ஒளி உணரும் கண்ணும் சரியாகத் தெரியாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ டிரிகருக்கு இந்தத் தொல்லை இல்லை. டிரிகரிலும் ஃபிளாஷிலும் சேனல், குரூப் ஒன்றாக இருந்தால் போதும். கல்யாண வேலைக்கு டிரிகரே மேல். நடுப்பின் மட்டும் வேலை செய்யும்போது ஷட்டரை 1/200க்கு மேல் ஏற்றாதீர்கள். பல பாடிகளில் படத்தின் ஓரம் கறுப்புப் பட்டையாக வரும். மண்டபத்துக்குள் ஐஎஸ்ஓ 800, எஃப் 4, பவர் 1/8 என்று தொடங்கி, ஹிஸ்டோகிராம் பார்த்து ஏற்றி இறக்குங்கள்.

அலமாரியில் கிடக்கும் பிலிம் காலத்து ஃபிளாஷை மட்டும் அவசரத்துக்கு மாட்டிவிடாதீர்கள். சிலவற்றின் நடுப்பின்னில் நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ஃபிளாஷை ஆன் செய்து, மல்டிமீட்டரை டிசியில் வைத்து நடுப்பின்னுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே அளந்து, உங்கள் கேமரா தாங்கும் அளவுக்குள் இருந்தால் மட்டும் மாட்டுங்கள்.

சர்வீஸ். இதற்கு முன் நண்பரின் அதே பிராண்டு கேமராவில் ஃபிளாஷை மாட்டிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் உங்கள் கேமராவின் ஷூதான் பிரச்சினை. அங்கேயும் செத்துக் கிடந்தால் ஃபிளாஷின் கால்பகுதி. கால்பகுதியை மாற்றுவது சுலபமான வேலை, பெரும்பாலும் நாலு ஸ்குரூ, சில ஒயர்கள். ஆனால் உள்ளே கண்டன்சர் நூற்றுக்கணக்கான வோல்ட்டோடு காத்திருக்கும். செல்லைக் கழற்றிவிட்டாலும் வீட்டில் திறக்காதீர்கள், கடையில் கொடுங்கள்.