நீர்முள்ளிக் கட்டு: மருந்து நல்லது, கட்டுத்தான் சரியில்லை

கால் வீக்கத்துக்கு நீர்முள்ளி அவித்துக் குடிக்கலாமா, அந்தச் செடியை உலர்த்திக் கடையில் கட்டாக விற்கிறார்களே, அதை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். முதற் கேள்விக்கு ஆம். இரண்டாவதை நினைத்தாலே கோபம் வருகிறது.

நீண்டகாலப் பாவிப்பில் மருந்தின் வேலையில் நான் குறை கண்டதில்லை. சலம் தாராளமாகப் பிரியும், சலக்கடுப்பு தணியும், மாலையில் கனக்கிற கால் இலேசாகும். நெருஞ்சிலும் கொஞ்சம் பெருஞ்சீரகமும் சேர்த்தால் இன்னும் நல்லது.

கட்டுக்கு வருவோம். சமூலம், அதாவது வேர் முதல் பூ வரை முழுச்செடி, என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அவிழ்த்தால் வேரை வெட்டியிருப்பார்கள், இலை உதிர்ந்திருக்கும். மிஞ்சுவது விறகு போன்ற தண்டும், ஒவ்வொரு கணுவையும் சுற்றி நிற்கிற ஆறு மஞ்சள் முள்ளும். மாரிக்குப் பின் ஊதாப் பூவோடு நிற்கும்போது வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, நிழலில் உலர்த்தியிருக்க வேண்டும். குளம் வற்றிச் செடி முற்றியபின் அரிந்தால் இப்படித்தான். ஈரத்தோடு கட்டினால் நடுவில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே கட்டின் நடுவை விரித்து மணந்து பாருங்கள். யாழ்ப்பாணத்து வழுக்கையாற்றுப் பக்கம்போல வயல்களுக்கு நடுவே ஓடுகிற வாய்க்காலில் பிடுங்கியதென்றால் களைகொல்லி பட்டிருக்கும். அதைக் கழுவி எடுக்க முடியாது.

எல்லாவற்றிலும் பெரிய தொல்லை விதை. முற்றிய கட்டில் விதை நிறைய இருக்கும். தண்ணீர் பட்டதும் அது சர்பத்தில் போடுகிற கசகசா மாதிரி வழுவழுப்பாக ஊதி, ஒட்டியிருக்கிற மண்ணையும் பிடித்துக்கொள்ளும். கசாயம் கொழகொழவென்று வரும், துணியில் வடியாது, பேணியின் அடியில் மணல் நெருடும். அதனால் நனைக்க முன்னரே காய்ந்தபடி சுளகில் தட்டி விதையைப் பிரியுங்கள். பிறகு பாக்குவெட்டியால் கணுக்கணுவாக நறுக்கி, மூன்று தண்ணீரில் அலசுங்கள். வெறுங்கையால் ஒடித்தால் முள் தோலுக்குள் முறிந்து நிற்கும்.

அளவு: உலர்ந்த சரக்கு 60 கிராம், பழைய கணக்கில் 12 கழஞ்சு. தண்ணீர் 1920 மில்லிலீற்றர். மண்சட்டியில் மெல்லிய நெருப்பில் எட்டுக்கு ஒன்றாக, 240 மில்லிலீற்றராக வற்றவிட்டு, காலை பாதி மாலை பாதி. நெருப்பைக் கூட்டினால் தண்ணீர்தான் வற்றும், சாரம் இறங்காது. மறுநாளைக்கு வைக்கக்கூடாது, புளித்துவிடும்.

பிரித்த விதையை எறியாதீர்கள், பாலோடு குடிக்கலாம். தம்ளரில் பாலை ஊற்றிக் கலக்கிக்கொண்டே விதையைத் தூவுங்கள். விதையின்மேல் பாலை ஊற்றினால் கட்டிபட்டுத் தொண்டையில் ஒட்டும்.

இச்செடியில் பொற்றாசியம் உப்பு அதிகம். சிறுநீரக நோயாளரும், சலம் போக்கும் குளிசை எடுப்பவரும், கர்ப்பிணிகளும் தாமாகத் தொடங்கக்கூடாது. கால் வீக்கம் இதயக் கோளாறாலும் வரும். முதலில் வைத்தியரிடம் காட்டிக் காரணத்தை அறிந்துகொள்ளுங்கள். பிறகு கைதடி சித்த வைத்தியசாலையில் கேட்டுக் குடியுங்கள்.

மருந்தை இவ்வளவு புகழ்ந்துவிட்டும் சொல்கிறேன்: கடைக்கட்டை வாங்காதீர்கள், விலை பாதியாக இறங்கினாலும். தை பிறக்கும்போது சுத்தமான குளக்கரையில் பூவோடு நாலு செடி பிடுங்கினால் போதும். அதற்கு வழியில்லையென்றால், வேரும் இலையும் கண்ணில் தெரிகிற கட்டைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் திருப்பிக் கொடுங்கள்.