ரேஞ்ச்ஃபைண்டரில் எஃப்/1.0: அதிவேக 50 மி.மீ. லென்ஸின் நீண்ட காலப் பயன்பாடு

எஃப் எண் லென்ஸின் திறப்பைச் சொல்கிறது: எண் சிறுத்தால் திறப்பு பெரிது. எஃப்/1.4-க்கும் எஃப்/1.0-க்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சம். எஃப்/1.2 என்றால் அதில் பாதிதான். அந்த ஒரு ஸ்டாப்புக்காக லைகா நாக்டிலக்ஸ் எஃப்/0.95 கழுத்தில் 700 கிராம் தொங்குகிறது. ஜைஸ் சி சோன்னார் எஃப்/1.5 வெறும் 250 கிராம். ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 6400 வரை தயங்காமல் வைக்கக்கூடிய டிஜிட்டல் கேமரா இருந்தால், வெளிச்சத்துக்காக மட்டும் இந்த வகை லென்ஸ் வாங்கத் தேவையே இல்லை. முழுத் திறப்பில் அது வரையும் விதம் பிடித்திருந்தால் வாங்கலாம். ஃபிலிமில் நிலைமை வேறு. ஐஎஸ்ஓ 400 ஃபிலிமோடு வெளிச்சம் குறைந்த அறையில் நிற்கும்போது, 1/30 நொடி 1/60 ஆவது பெரிய விஷயம்.

ஆனால் லென்ஸை எடைபோடும் முன் கேமராவை எடைபோட வேண்டும். ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் (எஸ்எல்ஆர்) கேமராவில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். ரேஞ்ச்ஃபைண்டரில் அப்படியில்லை. லென்ஸின் பின்னால் ஃபோகஸோடு நகரும் விளிம்பு (கேம்), கேமராவின் சிறு உருளையைத் தள்ளுகிறது, உருளை ஒரு கண்ணாடியைத் திருப்புகிறது, வியூஃபைண்டரில் தெரியும் இரண்டு உருவங்கள் ஒன்றாகும்வரை நாம் அந்தக் கண்ணாடியை நம்பி ஃபோகஸ் செய்கிறோம். 50 மி.மீ. லென்ஸ், எஃப்/1.0, 1 மீட்டர் தூரம் என்றால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 2.3 செ.மீ. பாதி முன்னால், பாதி பின்னால். இது சிறிய பிரிண்ட்டுக்கான பழைய கணக்கு. டிஜிட்டல் படத்தை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு அதிலும் பாதிதான் மிஞ்சும்.

கேமராவால் இதைப் பிடிக்க முடியுமா என்பதைச் சொல்வது அதன் பயனுறு அடித்தளம், அதாவது இரண்டு ரேஞ்ச்ஃபைண்டர் ஜன்னல்களுக்கு இடையிலான தூரத்தை வியூஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்கி வரும் எண். லைகா எம்3-இல் அது ஏறக்குறைய 62 மி.மீ., 0.72 உருப்பெருக்கமுள்ள லைகா எம் கேமராக்களில் 50, ஜைஸ் ஐகான் இசட்எம்-இல் 55, கேனான் 7-இல் 47. வோய்க்ட்லாண்டர் பெஸா ஆர்2ஏ-இல் 26-தான், லைகா சிஎல்-இல் 19. இரண்டு உருவங்கள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டதைக் கண் ஏறக்குறைய ஒரு ஆர்க் நிமிடம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) வரை பிரித்தறியும் என்று வைத்துக்கொண்டால், 1 மீட்டரில் 50 மி.மீ. அடித்தளம் 6 மி.மீ. பிழையோடு நிற்கும், 26 மி.மீ. அடித்தளம் 11 மி.மீ. பிழையோடு நிற்கும். எஃப்/1.0-க்கு அந்த 11-தான் எல்லைக்கோடு. சிஎல் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது.

கிட்டத்தில்தான் சிக்கல், மூன்று மீட்டருக்கு அப்பால் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. தூரம் கூடக்கூட தெளிவின் ஆழம் தூரத்தின் வர்க்கத்தில் விரிகிறது. ரேஞ்ச்ஃபைண்டரின் பிழையும் அதே வர்க்கத்தில்தான் விரிகிறது. 1 மீட்டரில் போதாத கேமரா 3 மீட்டரிலும் போதாது. கிட்டத்தில் கூடுதலாகச் சேர்வது உடல் ஆட்டம் மட்டுமே. நிற்கும் மனிதர் அறியாமலே ஒன்றிரண்டு செ.மீ. முன்பின் அசைகிறார், எதிரில் இருப்பவரும் அசைகிறார். ஃபோகஸ் சேர்ந்த அந்த நொடியிலேயே ஷட்டரை அழுத்த வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தால் ஆட்டம் கூடத்தான் செய்யும்.

புது லென்ஸ் வந்ததும் முதல் வேலை சோதனை. கேமராவை டிரைபாடில் வைத்து, 1 மீட்டரில் நெட்டுக்கோடு போட்ட தாளை நேராக நிறுத்துங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை 45 டிகிரி சாய்த்து, அதன் நடுக்கோடு தாளின் தளத்திலேயே வரும்படி வையுங்கள். முழுத் திறப்பில் பத்துப் படம். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டுத் திரும்பச் சேர்க்க வேண்டும்: ஐந்து முறை இன்ஃபினிட்டி பக்கமிருந்து, ஐந்து முறை கிட்டப்பக்கமிருந்து. பத்தும் ஒரே திசையில் தள்ளி விழுந்தால் அளவுத்திருத்தம் தவறியிருக்கிறது. முன்னும் பின்னுமாகச் சிதறினால் கண்தான் காரணம், ஐபீஸில் பார்வைத்திறனைத் திருத்தும் டயாப்டர் லென்ஸ் போட்டுப் பாருங்கள். எம் கேமராக்களின் ஐபீஸ் மைனஸ் 0.5 டயாப்டரில் இருப்பது சிலர் கண்ணுக்கு ஒத்துவராது. திருப்பும் திசையைப் பொறுத்து முடிவு மாறினால் ஹெலிகாய்டில், அதாவது ஃபோகஸ் திருகுமரையில், தேய்மானம் இருக்கிறது. அப்போது எப்போதும் ஒரே பக்கமிருந்து வந்து நிறுத்துவதே வழி.

தவறு கேமராவிலா லென்ஸிலா என்று அறிய இன்னொரு லென்ஸைப் போட்டு அதே சோதனை. இரண்டும் ஒரே பக்கம் தள்ளினால் கேமரா. ஒன்று மட்டும் தள்ளினால் லென்ஸ். ஒரு லென்ஸுக்காகக் கேமராவின் உருளையைத் திருகினால் மற்ற எல்லா லென்ஸும் கெட்டுவிடும். இரண்டும் ஒன்றாகப் பழுதுபார்ப்பவர் கைக்குப் போவதே நல்லது. 7ஆர்டிசன்ஸ் எஃப்/1.1 போன்ற சிலவற்றில் மட்டும் கேமை நாமே திருத்திக்கொள்ளலாம். ஐபீஸில் மாட்டும் 1.25 மடங்கு உருப்பெருக்கி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். அது கண்ணின் பிழையைத்தான் குறைக்கும். தவறாகத் திருகப்பட்ட உருளை தவறாகவே இருக்கும்.

சோதனையில் தேறிய லென்ஸும் எஃப்/2.8-இல் ஏமாற்றலாம். கோளப் பிறழ்ச்சியை (லென்ஸின் ஓரக் கதிர்களும் நடுக்கதிர்களும் ஒரே இடத்தில் குவியாத குறையை) முழுவதும் திருத்தாத வடிவமைப்புகளில், துளையைச் சுருக்கும்போது தெளிவுத் தளம் பின்னோக்கி நகர்கிறது. சி சோன்னார் இதற்குப் பேர்போனது. எஃப்/1.5-க்குத் திருத்திய பிரதி எஃப்/2.8-இல் பின்னால் விழும், எஃப்/2.8-க்குத் திருத்தியது முழுத் திறப்பில் முன்னால் விழும். எஃப்/5.6-க்கு மேல் ஆழமே அதை மூடிவிடும். உங்கள் பிரதி எந்த வகை என்று தெரிந்துவிட்டால், சேர்ந்த நொடிக்குப் பின் உடலை ஒரு விரலளவு முன்பின் சாய்ப்பது பழகிவிடும். முழுத் திறப்பையும் எஃப்/4-ஐயும் மாறி மாறிப் பயன்படுத்துபவர்கள் மிதக்கும் கண்ணாடி அமைப்புள்ள லைகா சம்மிலக்ஸ் ஆஸ்ஃபெரிகல் பக்கம் போவது நிம்மதி.

இன்னொரு பொறி, நடுவில் ஃபோகஸ் செய்து பிறகு சட்டகத்தை நகர்த்துவது. இரண்டு உருவங்களும் சேரும் ரேஞ்ச்ஃபைண்டர் பொட்டு நடுவில் மட்டுமே இருப்பதால் வேறு வழியில்லை. 1 மீட்டரில் கேமராவை 11 டிகிரி திருப்பினால் தளம் கண்ணுக்குப் பின்னால் ஏறக்குறைய 2 செ.மீ. போய்விடும். கண்ணுக்குப் பதில் காது தெளிவாக வரும் படங்களில் பாதிக்கு இதுவே காரணம். முகத்தை நடுவுக்கு அருகே வைத்து எடுங்கள், இல்லையேல் திருப்பிய பின் சற்றே பின்னால் சாயுங்கள். பொட்டைக் கருவிழியில் சேர்ப்பதும் கடினம். கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளி நல்ல இலக்கு. மூக்குக்கண்ணாடி போட்டவர் என்றால் அதன் கீலின் நெட்டு விளிம்பு ஒரு தலைமுடி அளவு பிரிந்திருந்தாலும் கண்ணில் குத்தும். ஆனால் கீலில் சேர்த்தால் கண் தளத்துக்கு வெளியே போகலாம், அந்த இடைவெளிக்கு ஏற்பச் சாய வேண்டும். கட்டம்போட்ட சட்டையில் பொட்டை வைக்காதீர்கள். அடுத்த கோட்டோடு பொய்யாகச் சேர்ந்துகொள்ளும்.

பகல் வெயிலில் இந்த லென்ஸை முழுத் திறப்பில் வைக்க ஷட்டர் போதாது. ஐஎஸ்ஓ 100, எஃப்/1.0 என்றால் 1/25,000 நொடிக்கு அருகே வேண்டும். 1/1000-இல் நிற்கும் ஃபிலிம் கேமராவுக்கு வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி32 ஃபில்டர் வேண்டும், அதாவது ஐந்து ஸ்டாப். ரேஞ்ச்ஃபைண்டரில் இதில் ஒரு வசதி உண்டு: ஃபில்டர் எவ்வளவு கருத்திருந்தாலும் வியூஃபைண்டர் இருளாது. ஆனால் தடித்த லென்ஸ் வியூஃபைண்டரின் கீழ் வலது மூலையை மறைக்கும், ஹுட் போட்டால் இன்னும் அதிகம்.

ஒன்றே ஒன்று வாங்க வேண்டுமானால் வோய்க்ட்லாண்டர் நாக்டன் எஃப்/1.2 ஆஸ்ஃபெரிகலைச் சொல்லலாம். 52 மி.மீ. ஃபில்டர், 0.7 மீட்டர் வரை நெருங்கும், 350 கிராமுக்குள் அடங்கும். நாள் முழுக்கச் சுமந்தாலும் வீட்டில் விட்டுவிட்டு வரத் தோன்றாத எடை.

பழையவற்றில் 1961-இல் வந்த கேனான் எஃப்/0.95-க்கு ஆசைப்படுபவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். அது கேனான் 7 வகைக் கேமராவின் வெளிப்புற பயோனெட்டுக்கானது (திருகாமல் பூட்டும் லென்ஸ் இணைப்பு). எம் மவுன்டுக்கு மாற்றியவர் கேமை எவ்வளவு கச்சிதமாக அமைத்தார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டிவி என்று பொறித்த பிரதிகளில் ரேஞ்ச்ஃபைண்டர் இணைப்பே கிடையாது. கேனான் எஃப்/1.2 திருகு லென்ஸில் துளைக்கு அருகே உட்கண்ணாடியில் மங்கல் படிவது வழக்கம். துளையை முழுவதும் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துச் சாய்த்துப் பாருங்கள். படலம் வெறும் படிவு என்றால் துடைத்தால் போகும், கண்ணாடியையே அரித்திருந்தால் போகாது. கழற்றாமல் இரண்டையும் பிரித்தறிய முடியாது என்பதால், மங்கல் தெரிந்த பிரதியைத் திருப்பித் தரும் வசதி இருந்தால் மட்டும் வாங்குங்கள்.