எல்எஸ்பியா, சிண்டா ஸ்டெப்பா?

சிங்கப்பூரில் தொடக்கநிலை 1-இல் பிள்ளை பின்தங்கினால் பெற்றோர் கேட்பது இதைத்தான். எல்எஸ்பி என்பது ஆங்கில வாசிப்பில் தடுமாறும் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் கற்றல் ஆதரவுத் திட்டம். ஸ்டெப் என்பது சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) நடத்தும் துணைப்பாட வகுப்பு.

செலவு: எல்எஸ்பி பள்ளிக்குள்ளேயே நடக்கும், தனிக் கட்டணம் இல்லை. ஸ்டெப் துணைப்பாடத்துக்குக் கட்டணம் உண்டு. வெளி டியூஷனோடு பார்த்தால் மிகக் குறைவு.

நேரம்: எல்எஸ்பி பள்ளி நாள்களில் தினமும் அரை மணி, 8 முதல் 10 பேர் கொண்ட குழு. ஸ்டெப் வாராவாரம்.

எல்எஸ்பியின் பலம் அந்தத் தினசரி அரை மணிதான். ஆங்கில எழுத்து 'பி'யையும் (b) 'டி'யையும் (d) மாற்றி வாசிக்கும் பிள்ளைக்கு வாரம் ஒரு வகுப்பு பற்றாது, அடுத்த வாரத்துக்குள் மறந்துவிடும். ஆனால் இதில் சேர்ப்பதா என்பதைத் தொடக்கநிலை 1-இன் தொடக்கத்தில் நடக்கும் சோதனையை வைத்துப் பள்ளிதான் முடிவுசெய்யும்; நாம் கேட்டு வாங்க முடியாது. தொடக்கநிலை 1, 2-க்கான திட்டம் இது.

ஸ்டெப் உயர்நிலை வரை கைகொடுக்கும். தொடக்கநிலை 3-க்கு மேல் கணக்கில் சறுக்கும் பிள்ளைக்கு இதுவே பொருத்தம். "அலியிடம் 12 கோலி, ராமுவைவிட 5 குறைவு. ராமுவிடம் எத்தனை?" 'குறைவு' என்றதும் கழித்து 7 என்று எழுதும், விடையோ 17. கழித்தல் தெரியாமல் இல்லை, கேள்வி பிடிபடவில்லை. அலிக்கு ஒன்று, ராமுவுக்கு ஒன்று என இரண்டு பட்டை வரையச் சொல்லுங்கள். ராமுவின் பட்டைதான் நீளம் என்று பிள்ளையே பார்த்துப் புரிந்துகொள்ளும்.

வாசிப்பே தடுமாறினால் எல்எஸ்பி. அதில் இடம் கிடைத்தால் மறுக்காதீர்கள் (அவமானம் என்று மறுப்பவர்களும் உண்டு). வாசிக்க வந்து, பாடத்தில் மட்டும் தேக்கம் என்றால் ஸ்டெப்.