சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு கிளினிக்கின் ‘முழு உடல் பரிசோதனை’: 5க்கு 2

கிளினிக் பெயரைப் போடவில்லை, இதே பேக்கேஜை இதே மாதிரி விற்கிற இடங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்: அதிகம் காத்திருக்க வைக்கவில்லை, ரத்தம் எடுத்த தாதி தமிழில் பேசினார், ஊசி குத்தியதே தெரியவில்லை என்று அண்ணனே சொன்னார், ரிப்போர்ட்டும் சொன்ன நாளில் வந்துவிட்டது.

தகராறு கவுன்ட்டரில்தான். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் பார்த்தால் போதும் என்று போனவரிடம், கூடக் கொஞ்சம் வெள்ளி (டாலர்) கட்டினால் கேன்சர் மார்க்கரும் பார்த்துவிடலாம், மனசுக்கு நிம்மதி என்றார்கள். கேன்சர் என்று காதில் விழுந்த பிறகு யார் விலை கேட்பார்கள்? அண்ணன் கார்டை நீட்டிவிட்டார்.

ரிப்போர்ட்டில் சிஇஏ (அந்த மார்க்கர்களில் ஒன்று, சில புற்றுநோய்களில் ரத்தத்தில் கூடுகிற புரதம்) துளியூண்டு கூடுதல், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அவ்வளவுதான். அண்ணி அழுகை, அம்மா பழனிக்கு வேண்டுதல், கிளினிக் டாக்டரோ எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்கிறார். அண்ணன் வருஷக்கணக்காகச் சிகரெட் ஊதுகிறவர், அதை அந்த டாக்டர் கேட்கவே இல்லை. புகைப்பவர்களுக்கு சிஇஏ கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம் என்பதையும், அறிகுறி எதுவும் இல்லாத ஆளிடம் புற்றுநோய் தேட அந்தச் சோதனையைப் பரிந்துரைப்பதில்லை என்பதையும் அப்புறம் அரசாங்கப் பாலிகிளினிக்கில்தான் பொறுமையாக விளக்கினார்கள்.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. பெரும்பாலான ரத்தச் சோதனைகளில் ‘சரியான அளவு’ என்று போடுவது, ஆரோக்கியமானவர்களில் 95 விழுக்காட்டினர் அடங்கும் வரம்பு. அப்படியென்றால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனைகள் செய்தால், ஒரு குறையும் இல்லாதவருக்கும் எதிலாவது ஒரு நட்சத்திரம் விழ ஏறக்குறைய 64 விழுக்காடு வாய்ப்பு. பட்டியல் நீள நீள இது ஏறிக்கொண்டே போகும், விளம்பரத்தில் மட்டும் நீளமான பட்டியல்தான் பெருமை.

எனக்குக் கடுப்பு வேறு ஒன்றில். அதே ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு அதிகம், எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) நீரிழிவுக்கு முந்தைய நிலை. அதற்கு யாரும் அழவில்லை. இங்கே இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம், 2016இல் அரசாங்கம் அதன் மீது போரே அறிவித்தது, ஆனாலும் “சுகர்தானே, யாருக்குத்தான் இல்லை” என்று தே தாரே (இனிப்பான பால் தேநீர்) குடிக்கிறார் அண்ணன். தெரியாத கேன்சருக்கு நடுங்குகிற மனுஷன் கையிலிருக்கும் சிகரெட்டுக்குப் பயப்படுவதில்லை. கிளினிக்கும் பயம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் விற்கிறது.

40 வயது தாண்டிய குடிமக்கள் அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்திருந்தால், அவரவர் வயதுக்குப் பரிந்துரைத்த சோதனைகளைக் காசில்லாமலே செய்யலாம், 50 வயதுக்கு மேல் குடல் புற்றுநோய்க்கான மலப் பரிசோதனையும் அதில் உண்டு. அந்தச் சலுகை இல்லாத, வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவர்கள் இந்தக் கிளினிக்குக்குப் போவதாக இருந்தால் அடிப்படைப் பேக்கேஜை மட்டும் கேளுங்கள், மார்க்கர் வேண்டுமா என்றால் “அறிகுறியே இல்லையே, எதுக்கு?” என்று திருப்பிக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அந்தக் கூட்டத்தில் வெறும் வயிற்றோடு நிற்க முடியாது.