சின்ன கண்மாய்க்கு எந்த டெம் சரி? 12.5 மீட்டரா, கோப்பர்நிக்கஸா?

சிவகங்கை பக்கம் ஒரு சின்ன கண்மாயோட நீர்ப்பிடிப்பு எல்லைய வரைய வேண்டி வந்துச்சு, மொத்தமே ரெண்டு சதுர கிலோமீட்டர் தேறாது. டெம்னா நிலத்த சின்னச் சின்ன கட்டமா (பிக்சல்) பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் உயரம் சொல்ற டேட்டா. இலவசமா கிடைக்கிற டெம் நாலையும் கியூஜிஐஎஸ்ங்கற வரைபட மென்பொருள்ல ஓட்டிப் பாத்துட்டு, கட்டத்தோட பக்கம் 30 மீட்டர் இருக்கிற கோப்பர்நிக்கஸத்தான் எடுத்துக்கிட்டேன்.

நாலுல ஆஸ்டர் சமவெளிக்கு ஆகாது, இல்லாத மேடு பள்ளமெல்லாம் காட்டும். எஸ்ஆர்டிஎம் 2000 பிப்ரவரில விண்ணோடத்துல ரேடார் வச்சு 11 நாள்ல எடுத்தது, பழசானாலும் நம்பலாம். நிறைய பேர் ஏமாறுறது ஆலோஸ் பால்சார்ங்கற ஜப்பான் செயற்கைக்கோள் ரேடாரோட 12.5 மீட்டர் டெம்லதான். அந்த உயரம் பால்சார் அளந்ததே இல்லங்க, ரேடார் படத்த திருத்துறதுக்காக கூட வச்சது, நம்ம பக்கத்துக்கு எஸ்ஆர்டிஎம்மையே சின்னச் சின்ன கட்டமா நறுக்கிக் குடுத்திருக்காங்க. தோசைய எட்டா பிச்சா மாவு கூடிடாது.

எனக்கு முடிவு சொன்னது பிக்சல் சைஸ் இல்ல, உயரம் முழு மீட்டரா வருதா, புள்ளி வச்சு வருதாங்கறதுதான். அங்க கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்தான் சரிவு. முழு மீட்டர் கணக்குல 30 மீட்டர் பிக்சல் வரிசையா முப்பதுக்கு மேல ஒரே நம்பர்ல நிக்கும், தண்ணி எந்தப் பக்கம் போகும்னு மென்பொருளுக்கு பிடி கிடைக்காம ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி பக்கத்துப் பக்கத்துல நேர்க்கோடா ஓடை போட்டுடும். எஸ்ஆர்டிஎம், பால்சார் ரெண்டுலயும் அதேதான் வந்துச்சு. கோப்பர்நிக்கஸ் 2011லருந்து 2015 வரைக்கும் டான்டெம்-எக்ஸ்ங்கற ரேடார் செயற்கைக்கோள் எடுத்தது, உயரம் தசமத்தோட வருது. அந்த தசமமெல்லாம் அப்படியே நிஜம்னு சொல்ல வரல, பிழை அதவிட பெருசு, ஆனா பக்கத்து பிக்சலவிட இது தாழ்வா மேடான்னு ஓரளவு சொல்லிடுது, ஓடையும் வளைஞ்சு நெளிஞ்சு ஓடை மாதிரி வருது.

அதுலயும் ஒரு சிக்கல். கண்மாயோட உள்பக்கம், அதான் உள்வாய், பூரா சீமைக்கருவேலம், ரேடார் மரத்தோட தலையத்தான் தரைன்னு எடுத்துக்கிச்சு, கண்மாய்க்குள்ள வர வேண்டிய தண்ணி சுத்திக்கிட்டுப் போற மாதிரி காட்டுச்சு. கோப்பர்நிக்கஸ்லருந்து மரம் கட்டடத்தையெல்லாம் கழிச்ச ஃபேப்டெம்ங்கற டெம் போட்டதும் பாதி சரியாச்சு, ஆனா வணிக வேலைக்கு அது இலவசம் கிடையாது.

மலைப்பக்கம் ஏலகிரில ஒரே தடவதான் பண்ணிருக்கேன், எஸ்ஆர்டிஎம்முக்கும் கோப்பர்நிக்கஸுக்கும் எல்லை கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் வந்துச்சு. ஒரு இடத்த வச்சு அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

எந்த டெம்லயும் வராதது ரோடும், கண்மாய்க்குத் தண்ணி கொண்டு வர்ற குறுகலான வரத்துக்காலும். ஊர்ல தண்ணி திறந்து விடுற நீர்ப்பாய்ச்சி கூட நடந்தேன், அவர் ஒரு சின்ன பாலத்துக்கிட்ட நின்னு, "தம்பி, ரோட்டுக்கு கெழக்க விழுற தண்ணி நம்ம கண்மாய்க்கு வராது, இங்கயே திரும்பி அடுத்த ஊருக்குப் போயிரும்"னாரு. போன் ஜிபிஎஸ்ல அந்த வரத்துக்கால கோடா எடுத்து, டெம்ல ரெண்டு மீட்டர் தோண்டிவிட்டு மறுபடி ஓட்டினேன். கிழக்கால கால்வாசி எல்லை கழண்டு போச்சு.